மடியில் விரியும் நோட்டு

மண்ணடியில் ஒரு கிளியரிங் ஆபீசில் எனக்கு வேலை, வீடு தண்டையார்பேட்டை. நாவல் எழுதுகிறேன் என்று வெளியே சொல்லவே ஆறு மாதம் ஆனது. அதற்குள் எழுதுவதற்கான சாமான்களுக்கு நிறைய செலவழித்துவிட்டேன். அதில் உருப்படியாக நின்றது ஒரு நோட்டுதான்.

முதலில் போனில்தான் எழுதினேன். காசிமேட்டில் வலை பழுது பார்க்கும் ஒருத்திதான் என் கதாநாயகி. அவள் வலையைத் தொடும்போதெல்லாம் போன் அதை விலை ஆக்கிவிடும். 'விலையில் மீன் சிக்கியது' என்று படித்த அன்றைக்கு மூடி வைத்தேன். அப்புறம் கடையில் அழகான அட்டை போட்ட நோட்டு ஒன்று, 350 ரூபாய். வெறும் பசையில் ஒட்டியது. மடியில் வைத்து விரித்தால் தானே மூடிக்கொள்ளும், அழுத்திப் பிடித்தால் தாள் கையோடு வரும். இரண்டாம் அத்தியாயம் முழுக்க உதிரியாகிப் போனது.

அதற்குப் பிறகுதான் ஆண்டர்சன் தெருவுக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகைக் கடைகளைத் தாண்டி, ஒரு மாடிப்படிக்குக் கீழே பைண்டிங் போடும் ஒரு அண்ணன். கையில் 70 ஜிஎஸ்எம் கனமுள்ள ஏ4 தாள் ரீம் ஒன்று, அதாவது ஐந்நூறு தாள், 270 ரூபாய்க்கு வாங்கியது.

"இன்னாக்கா, கணக்கு எழுதவா?"

"கதை எழுதண்ணா."

கொஞ்சம் யோசித்தார். "அப்போ கம் போட்டா தாங்காதுக்கா. தச்சிக் குடுக்கறேன்."

எட்டெட்டுத் தாளாகச் சேர்த்து இரண்டாக மடித்தார். அப்படிப் பன்னிரண்டு கட்டு. ஒவ்வொன்றின் நடுமடிப்பிலும் நூல் ஓட்டி, முதுகில் கருப்பு காலிகோ துணி, மேலே கெட்டி அட்டை. மொத்தம் 384 பக்கம், கோடு கிடையாது. கூலி 150. நடுவில் எங்கே திறந்தாலும் பலகை மாதிரி படுத்துக்கொள்கிறது, கையால் பிடிக்க வேண்டாம். என் கையெழுத்தில் பக்கத்துக்கு நூற்றுப் பத்து வார்த்தை வருகிறது. வலது பக்கம் மட்டும் எழுதுகிறேன், இடது பக்கம் திருத்தத்துக்கு. ரீமில் மீதமுள்ள தாளில் இன்னும் நாலு நோட்டு வரும்.

குறையும் உண்டு. ஜெராக்ஸ் தாள் என்பதால் இங்க் பேனா ஒத்துவராது, மசி பரவி எழுத்துக்குக் கால் முளைக்கிறது. ஜெல் பேனா சித்திரை வியர்வையில் இழுவிவிடும். பத்து ரூபாய் பால் பாயிண்ட்தான் கடைசியில் சரிப்பட்டது. உள்ளங்கைக்கு அடியில் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை வைத்துக்கொள்வேன்.

எங்கே எழுதுவது என்பதுதான் அடுத்த பிரச்சினை. வீட்டில் மாமியாரின் சீரியல். ஒரு ஏசி காபிக் கடையில் 180 ரூபாய் கொடுத்து உட்கார்ந்தேன், முக்கால் மணி நேரத்தில் மூன்று முறை 'வேற ஏதாவது மேடம்?' சரி, வேண்டாம். இப்போது பீச் ஸ்டேஷனிலிருந்து வீடு திரும்பும்போது ராயபுரத்தில் இறங்கிவிடுகிறேன். சீசன் டிக்கெட் இருப்பதால் தனிச் செலவில்லை. 1856-ல் வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ஸ்டேஷன் இது. எனக்கு அதன் பெஞ்சு போதும். அடுத்த வண்டி, இல்லாவிட்டால் அதற்கடுத்தது என்று கணக்கு வைத்து எழுதுவேன். வண்டி வருகிற சத்தம் கேட்டால் பாதி வாக்கியத்தில்கூட மூடிவிடலாம். மறுநாள் அந்தப் பாதியிலிருந்து தொடங்குவது எனக்கு எளிதாக இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், சில நாள் மூன்று.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் லேப்டாப். தமிழ்99 விசைப்பலகைக்குக் கை பழக மூன்று வாரம் ஆனது. 1999-ல் அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு, நான் கற்றுக்கொண்டது இப்போதுதான். ம-வை இரண்டு தரம் தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழுகிறது. 'அம்மா' என்று நிறைய எழுதுகிறவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

நோட்டில் 143-ஆம் பக்கத்தில் இருக்கிறேன். போன வாரம் மழையில் பை நனைந்து அட்டையின் ஓரம் உப்பிவிட்டது, தையல் மட்டும் பிரியவில்லை. அடுத்ததற்கு ரெக்சின் போடச் சொல்லி அண்ணனிடம் கேட்டேன். முப்பது ரூபாய் கூடுதலாம்.