கியாலோ: காரணங்களை மட்டும் கேட்கும் ஒரு விவாதத் தளம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிரத்தியேக வகுப்பு நடத்தும் நான், தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி முகம் தெரியாதவர்களோடு இணையத்தில் பல ஆண்டுகளாக வாதிட்டு வருகிறேன். தோட்டப் பள்ளியில் படித்தவன் என்பதால், தாய்மொழிப் பள்ளிகளே இன ஒற்றுமைக்குத் தடை என்று எவரேனும் எழுதும்போது பதில் சொல்லாமல் கடந்து போக என்னால் இயலுவதில்லை. ஆனால் அந்த வாதங்களில் பெரும்பாலானவை, நான்கைந்து பதில்களுக்குள் எழுதியவரின் இனத்தையும் பிறப்பையும் இழுத்துப் பேசும் இடத்துக்கு வந்துவிடும். முதலில் எழுந்த கேள்வியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தச் சலிப்பில்தான் கியாலோவுக்குச் சென்றேன். மூன்று மாதங்கள் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

2017ஆம் ஆண்டு பொதுப் பயன்பாட்டுக்கு வந்த இத்தளத்துக்குக் கட்டணம் இல்லை. எஸ்பராண்டோ மொழியில் 'கியாலோ' என்றால் காரணம் என்று பொருள். விவாதத்தின் உச்சியில் ஒரு கருத்து நிற்கும். அதன் கீழே ஆதரவான காரணங்கள் பச்சை நிறத்திலும் எதிரான காரணங்கள் சிவப்பு நிறத்திலும் அமையும். அவை ஒவ்வொன்றின் கீழும் அதே முறையில் புதிய கிளைகள் விரியும். எனவே, நாம் எழுதுவது ஓர் ஆளுக்குச் சொல்லும் பதிலாக அமையாமல், ஒரு கருத்தின் கீழ் வைக்கும் காரணமாக அமைகிறது. இந்தச் சிறிய மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை நான் அனுபவத்தில்தான் உணர்ந்தேன்.

"மலேசியாவில் தமிழ், சீனப் பள்ளிகள் தொடர வேண்டும்" என்பதை உச்சியில் வைத்து, அதன் இணைப்பைப் பல இடங்களில் பகிர்ந்தேன். பதினொரு பேர் வந்தனர். தம்மைக் கிளந்தானில் பணிபுரியும் ஆசிரியர் என்று கூறிக்கொண்ட ஒருவர், தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று முதல் எதிர்ப்பை வைத்தார். புலனக் (வாட்ஸ்அப்) குழுவாக இருந்திருந்தால் கோபத்தில் பத்து வரி எழுதியிருப்பேன். இங்கே ஒரே ஒரு காரணத்தைத்தான் வைக்க முடிந்தது: கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆம் பிரிவு, மலாய் மொழியைத் தேசிய மொழியாக நிறுவும்போதே, பிற மொழிகளைக் கற்பதையும் கற்பிப்பதையும் தடுக்கக் கூடாது என்கிறது, 2021 டிசம்பரில் உயர்நீதிமன்றமும் 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இப்பள்ளிகள் அரசியலமைப்புக்கு உட்பட்டவை என்றே தீர்ப்பளித்தன. அவர் அதை மறுக்கவில்லை. சட்டம் அனுமதிப்பதாலேயே அது சமுதாயத்துக்கு நல்லதாகிவிடுமா என்று கேட்டார். அது வேறு கேள்வி என்பதால் தனிக் கிளைக்கு மாற்றினோம். இத்தனை ஆண்டுகளாக ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த சட்டமும் ஒற்றுமையும் அன்று மாலைதான் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்தன.

ஒரு காரணம் தனக்கு மேலுள்ள கருத்தை எவ்வளவு பாதிக்கிறது என்று 0 முதல் 4 வரை மதிப்பிடும் வசதியும் உண்டு. தோட்டப்புறப் பிள்ளைகளின் மொழியையும் பண்பாட்டையும் காத்தவை தமிழ்ப்பள்ளிகளே என்று நான் எழுதியிருந்த காரணம், ஒற்றுமை குறித்த கிளையில் மிகக் குறைந்த மதிப்பையே பெற்றது. மனம் நொந்தது உண்மை. மறுநாள் படித்தபோது, நான் எழுதியது முழு உண்மையாக இருந்தும், அந்த இடத்தில் கேட்கப்பட்டதற்கு அது விடையாகவில்லை என்று புரிந்தது. உண்மையான செய்தி ஒன்று பொருத்தமில்லாத இடத்தில் நிற்கக்கூடும் என்பதை எனக்கு வேறு எந்த விவாதமும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

மர வடிவத்துக்கென ஓர் எல்லை இருக்கிறது. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும் முன், பிள்ளைக்குத் தலைவாரி லயத்துக்கு அருகிலிருந்த தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பிய தாயின் வாழ்க்கையைக் காரணங்களாகத் துண்டு போட முடியாது. அத்தகைய சாட்சியங்களைக் கட்டுரையாகவோ நேரிலோதான் சொல்ல வேண்டும். கிளைகள் பெருகிய பிறகு திறன்பேசியைவிடப் பெரிய திரையில் படிப்பதே எளிது. பொது விவாதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால், நம் ஊர்ப் பொருளைப் பற்றிப் பேச விரும்புவோர் சொந்தமாகத் தொடங்கி ஆட்களை அழைப்பது நல்லது; நாங்கள் மலாயில் எழுதினோம்.

ஆசிரியர்களுக்குக் கியாலோ எடு என்னும் தனிப் பதிப்பு உண்டு. பெயர் மறைத்து எழுத அது இடம் தருவதால், வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் படிவம் ஆறு (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) மாணவர்களுக்கு அதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.

எங்கள் விவாதம் இன்னும் முடியவில்லை. தாய்மொழிப் பள்ளிகள் பிள்ளைகளைப் பிரிக்கின்றன என்று எழுதியிருந்த கிளந்தான்காரர், சென்ற வாரம் அதைத் திருத்தி, ஒரே ஊரில் படிக்கும் பிள்ளைகள் சேர்ந்து விளையாடப் போதிய வாய்ப்பு அமைக்கப்படவில்லை என்று மாற்றினார். நான் அதற்கு 3 மதிப்பளித்தேன். தேசியப் பள்ளியும் தமிழ்ப்பள்ளியும் புறப்பாட நடவடிக்கைகளை வாரம் ஒரு நாள் சேர்ந்து நடத்தலாம் என்று என் மாணவி ஒருத்தி அதன் கீழே எழுதியிருக்கிறாள்.