பாண்ட் செயலி: பச்சை எழுத்தில் 9.38, கைக்கு வருவது 9

நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "நீ வச்சிருக்கியே அந்த பாண்ட் ஆப்பு, அதுல ஒரு லட்சம் போட்டா மாசம் 780 ரூபா வருதாமே, நெசமாவா?" வராது. 750தான் வரும். அந்த முப்பது ரூபாய்க்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடலூரில் இருந்துகொண்டு சில வருடங்களாக இந்தச் செயலியில் பாண்ட், அதாவது நிறுவனங்கள் வட்டிக்குக் கடன் வாங்க வெளியிடும் பத்திரம், வாங்கி வருகிறேன். பெயர் வேண்டாம். கணக்கு திறப்பது, பாண்ட் டீமேட்டில் (பத்திரங்களை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கில்) வந்து சேர்வது, வட்டி வங்கியில் ஏறுவது, எதிலும் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் விவரம் கேட்டு ஒருவர் போன் செய்வார், பொறுமையாகத்தான் பேசுவார். முன்பெல்லாம் ஒரு பாண்டுக்கே பத்து லட்சம், அப்புறம் ஒரு லட்சம் என்று இருந்தது. 2024-ல் முகமதிப்பை (பாண்டில் எழுதியிருக்கும் அசல் தொகையை) 10,000 ரூபாய் வரை இறக்கலாம் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அனுமதித்த பிறகுதான் சாதாரண சம்பளக்காரருக்கும் இது எட்டியது.

எரிச்சல் ஒன்றே ஒன்று. ஒரு பாண்டைத் தொட்டதும் மேலே பெரிய பச்சை எழுத்தில் 9.38%. பக்கத்தில் ஒய்டிஎம் என்று போட்டிருக்கும், அதாவது கடைசி வரை வைத்திருந்தால் வருடத்துக்குக் கிடைக்கும் வருமான விகிதம். கீழே சாம்பல் நிறத்தில், கண்ணாடி மாட்டிக்கொண்டு தேடினால்தான் தெரியும்: கூப்பன் (முகமதிப்புக்குத் தரும் வருட வட்டி) 9%, வட்டி மாதந்தோறும்.

இரண்டு எண்ணும் பொய் இல்லை. முகமதிப்புக்கே வாங்கினால் ஒரு லட்சத்துக்கு வருடத்துக்கு 9,000 ரூபாய். பன்னிரண்டாக வகுத்தால் மாதம் 750. அந்த 750-ஐ ஒரு மாதம்கூடத் தொடாமல், வரவர அதே 9 சதவீதத்துக்குத் திரும்பப் போட்டுக்கொண்டே வந்தால் வருடக் கடைசியில் 9,380 ஆகும். பச்சை எண் அந்தக் கணக்கு. என் நண்பர் அதைப் பன்னிரண்டால் வகுத்துத்தான் 780 என்று நம்பிக்கொண்டிருந்தார். மாத வட்டி பாண்டைத் தேடி வருகிறவர் யார்? மாதச் செலவுக்குப் பணம் வேண்டியவர். கரண்ட் பில்லுக்கும் மருந்துக்கடைக்கும் போகிற பணத்தை அவர் எங்கே திரும்பப் போடுவார்? அவருக்குப் பொருந்தாத எண்ணைத்தான் அவர் கண்ணில் படும்படி வைத்திருக்கிறார்கள்.

தமிழில் மாற்றும் வசதி உண்டு. மாற்றினால் 'தொடர்க', 'பின்செல்க' என்று பொத்தான்கள் மட்டும் மாறும். ஒய்டிஎம், அக்ரூட் இன்ட்ரஸ்ட், கால் ஆப்ஷன், செக்யூர்டு எல்லாம் அப்படியே நிற்கும். முழுக்கத் தமிழாக்கு என்று நான் கேட்கவில்லை. பச்சை எண்ணுக்குக் கீழே 'மாத வட்டியைத் திரும்ப முதலீடு செய்தால் மட்டும்' என்று ஒரு வரி போடுங்கள் என்று எழுதிக் கேட்டேன். மரியாதையாகப் பதில் வந்தது. வரி வரவில்லை.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அண்ணியும் இதே செயலியில் ஒரு பாண்ட் வாங்கினார். முகமதிப்பு 10,000, 9 சதவீதம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வட்டி. ரசீதைப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டார்: "தம்பி, வெல 10,120-ன்னு போட்டுட்டு 10,415 ரூபா 89 பைசா எடுத்திருக்கான், இது என்ன கமிஷனா?" கமிஷன் இல்லை. கடைசியாக வட்டி கொடுத்து 120 நாள் ஆகியிருந்தது. அந்த நாட்களின் வட்டி, 295 ரூபாய் 89 பைசா, பழைய சொந்தக்காரருக்குச் சேர வேண்டியது. அதை அண்ணி இப்போதே கொடுத்துவிடுகிறார். அடுத்த தவணையில் ஆறு மாத வட்டி முழுதாக அவர் பெயருக்கே வரும். நியாயமான கணக்குதான். அதை அக்ரூட் இன்ட்ரஸ்ட் என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போனால் யாருக்குத்தான் வயிறு கலங்காது?

இத்தனைக்கும் இதே செயலியில் தங்கமான ஒரு பக்கம் இருக்கிறது. கேஷ் ஃப்ளோ அட்டவணை. இந்தத் தேதியில் இவ்வளவு ரூபாய் வட்டி, கடைசித் தேதியில் அசல், அவ்வளவுதான். அண்ணி அதைப் பார்த்ததும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கூப்பன், மெச்சூரிட்டி, அக்ரூட் எல்லாம் அந்த ஒரு பக்கத்திலேயே ரூபாயாகக் கண்ணுக்குத் தெரிகிறது. மாத வட்டி பாண்டாக இருந்தால் 750-ஐ ஒட்டிய தொகைகள்தான் வரிசையாக நிற்கும். 780 என்று ஏமாற வழியே இல்லை. அதை ஏன் பணம் கட்டும் கட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால், 'மேலும் காண்க' என்பதற்குள் ஒளித்து வைக்க வேண்டும்? முதல் பக்கத்தில் வைத்திருந்தால் இந்தச் செயலியைத் தெருத்தெருவாகப் புகழ்ந்திருப்பேன்.

அந்த அட்டவணையும் சொல்லாத விஷயங்கள் உண்டு. கால் ஆப்ஷன் இருந்தால் நிறுவனம் நடுவிலேயே அசலைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடிக்கலாம். செக்யூர்டு என்றால் அடமானச் சொத்து இருக்கிறது என்றுதான் பொருள், பணம் உறுதி என்று இல்லை. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. பாண்டுக்கு அது கிடையாது. 9 சதவீதம் கொடுப்பவை பெரும்பாலும் ட்ரிபிள் ஏ என்ற உச்சபட்ச ரேட்டிங்குக்குக் (தர மதிப்பீட்டுக்கு) கீழே இருப்பவை.

இவ்வளவு வருடம் வட்டி ஒழுங்காக வந்தும், நண்பருக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். அரசுப் பத்திரங்களைத் தனிநபரே நேரடியாக வாங்க ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் கணக்கு 2021 நவம்பரிலிருந்து இருக்கிறது, திறக்கக் கட்டணம் இல்லை, 10,000 ரூபாயில் தொடங்கலாம். முதலில் புதன்கிழமை ஏலத்தில் 364 நாள் டி-பில் (மத்திய அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்) ஒன்று எடுக்கச் சொன்னேன். யீல்டு (வருட வருமான விகிதம்) 6.5% என்றால் 93 ரூபாய் 91 பைசாவுக்கு வாங்கி, முடிவில் 100 ரூபாய் வாங்கிக்கொள்ளலாம். நடுவில் கூப்பன் இல்லை, அக்ரூட் இல்லை. அது பழகிய பிறகு மாநில அரசுப் பத்திரம் பார்க்கலாம். தமிழ்நாடும் புதுச்சேரியும் அதில் கடன் வாங்குகின்றன.

என் பணம் இந்தச் செயலியில்தான் தொடரும். மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. வட்டி ஒரு நாள்கூடத் தாமதமானதில்லை என்பதையும் சேர்த்துத்தான் அந்த இரண்டு.