அடியைத் தின்னும் பெடல்: பேஸ் கிட்டாரும் என் ஃபிளாஞ்சரும், நான்கு வருடம்

சென்னை ரிச்சி தெருவில் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த என் ஃபிளாஞ்சர் பெடல், அதாவது கிட்டாரின் ஒலியைச் சுழலவிடும், காலால் மிதிக்கும் பெட்டி, போன வாரம்தான் திரும்பி வந்தது. தப்பு முழுக்க என்னுடையது. ஒரு கல்யாண வரவேற்பில், மேடை ஏறும் அவசரத்தில், கீபோர்டுக்காரரின் அடாப்டரை எடுத்துச் செருகிவிட்டேன். முனை கச்சிதமாகப் பொருந்தியது, அதுதான் வினை. பெடலுக்கு வேண்டியது 9 வோல்ட், நடுவில் எதிர்முனை. அந்த அடாப்டரோ 12 வோல்ட், நடுவில் நேர்முனை. உள்ளே காவலுக்கு வைத்திருந்த டையோடு தன்னைப் பலி கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கிறது. 200 ரூபாய் வேலை. ஆனால் கடை வரிசையில் மூன்று வாரம் கிடந்தது.

சரி செய்தவர் ஒரு கிட்டாரை மாட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதைப் போட்டா சத்தம் ஏறுமா, இறங்குமா?" என்று கேட்டார். நான்கு வருடமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதே வாரத்தில் அக்கா மகனும் போன் செய்தான். காலேஜில் பேண்டு ஆரம்பித்திருக்கிறார்கள், இவன்தான் பேஸ். "மாமா, ஃபிளாஞ்சர் வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லா இருக்கும்?" போனில் பத்து நிமிடம் திட்டினேன். அவனையில்லை, பெடலை. அப்புறம் யோசித்தால் அது நியாயமாகப் படவில்லை. அதனால் எழுதுகிறேன். மாடல் பெயர் வேண்டாம். பழைய பாணி அனலாக், நான்கு குமிழ். இந்த வகையில் பலதும் இப்படித்தான் நடந்துகொள்ளும், ஒன்றை மட்டும் கூண்டில் ஏற்றுவானேன்.

வாங்கிய கதை சின்னது. த க்யூர் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் பேஸ் வாசிக்கும் சைமன் கல்லப்பைக் கேட்டுக் கெட்டுப்போனவன் நான். விரலால் அல்ல, பிக் என்ற சின்ன வில்லையால் வாசிப்பார், பேஸிலேயே பாட்டின் மெட்டு நடக்கும், அதன்மேல் ஃபிளாஞ்சர் ஈரம்போலப் படிந்திருக்கும். அவர் வைத்திருந்த பாஸ் பிஎஃப்-2 ஃபிளாஞ்சர் எனக்குக் கிடைக்கவில்லை. (பாஸ் கம்பெனியின் பேஸ் பெடல் வேண்டும் என்று கடையில் சொல்லிப் பாருங்கள், யார் பாஸ், எது பேஸ் என்று இரண்டு நிமிடம் போகும்.) கிடைத்ததைக் கடையின் சின்ன ஆம்பில், எட்டு அங்குல ஸ்பீக்கரில் வாசித்தேன். சொர்க்கம். வீட்டில் ஹெட்போனில் கேட்டேன், இன்னும் சொர்க்கம். போனில் பதிவு செய்து நண்பர்களுக்கு அனுப்பினேன், எல்லோரும் நெருப்பு எமோஜி விட்டார்கள்.

முதல் மேடையில் பதினைந்து அங்குல ஸ்பீக்கர். மெதுவான பாட்டு, சரணத்தில் பெடலை மிதித்தேன். நான்கு தாளக்கட்டு போனதும் டிரம்ஸ் அண்ணன் திரும்பிப் பார்த்து, வாசிப்பை நிறுத்தாமலே, "பேஸ் எங்கடா?" என்றார். விரல் தந்தியில்தான் இருந்தது. மேலே சுய்ங்ங் என்று அழகாக ஏதோ சுழன்றுகொண்டும் இருந்தது. கீழேதான் தரை இல்லை. அடுத்த இரண்டு தாளக்கட்டில் திரும்பி வந்தது, அதுவும் தேவைக்கு மேல், முன் வரிசைத் தாத்தா காதைப் பொத்தும் அளவுக்கு. பிறகு மறுபடி காணோம்.

வெகுநாள் என் விரல்தான் சரியில்லை என்று நினைத்தேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஃபிளாஞ்சர் செய்வது எளிமையான வேலை. வரும் ஒலியை இரண்டாக்கி, ஒன்றைச் சில மில்லி வினாடி தாமதமாக்கி, மறுபடி சேர்க்கிறது. அந்தத் தாமதத்தை மெல்ல ஏற்றி இறக்குகிறது. பல்லாவரத்தில் வளர்ந்தவனுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. விமானம் தலைக்குமேல் போகும்போது அதன் இரைச்சல் நேராகவும் வந்து, மொட்டைமாடித் தரையில் பட்டும் வந்து சேரும். இரண்டுக்கும் இடையிலான நேரம் மாற மாற, அந்த 'ஷ்ஷ்' மேலும் கீழும் வழுக்கும். பெட்டிக்குள் நடப்பதும் அதுதான்.

இரண்டு ஒலி சேரும்போது சில அதிர்வெண்கள் கூடும், சில ஒன்றையொன்று தின்றுவிடும். சீப்பின் பல் மாதிரி வரிசையாகக் குழி விழும். தாமதம் 1 மில்லி வினாடி என்றால் முதல் குழி 500 ஹெர்ட்ஸில். அது நல்லது, யாருக்கும் நஷ்டமில்லை. 5 மில்லி வினாடி என்றால் 100 ஹெர்ட்ஸில். 10 என்றால் 50-இல். இப்போது பேஸின் திறந்த தந்திகளைப் பாருங்கள்: ஈ 41 ஹெர்ட்ஸ், ஏ 55, டி 73, ஜி 98. குழி நேராக நம் வீட்டுக்குள்ளேயே விழுகிறது. தாமதம் 10-ஐத் தொடும்போது ஏ தந்தி கிட்டத்தட்டக் காணாமல் போகிறது. அதே நொடியில் 100 ஹெர்ட்ஸில் மேடு, அதனால் ஜி தந்தி கத்துகிறது. தாமதித்த ஒலியை மறுபடி உள்ளே திருப்பிவிடும் ரீஜென் குமிழை ஏற்றினால் அந்த மேடு இன்னும் கூர்மையாகும்.

சாதாரண கிட்டாருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. அதன் தடித்த தந்தியே 82 ஹெர்ட்ஸ், அதோடு கார்டு போட்டால், அதாவது பல தந்திகளைச் சேர்த்து மீட்டினால், ஆறு சுரமும் அவற்றின் கிளைகளும் ஒன்றாகக் கேட்கும். ஒன்று குழியில் விழுந்தால் மற்றது தாங்கும். நாம் வாசிப்பது ஒரு நேரத்தில் ஒரு சுரம். அதன் அடி, அதாவது கனமான கீழ் ஒலி, போனால் போனதுதான். கடையில் இது தெரியாததற்குக் காரணமும் பிடிபட்டது. எட்டு அங்குல ஸ்பீக்கரும் போனும் 50 ஹெர்ட்ஸை ஒழுங்காகக் காட்டுவதே இல்லை. இல்லாத ஒன்று தொலைந்தால் யாருக்குத் தெரியும்? யூடியூபில் போனை வைத்துக்கொண்டு ஃபிளாஞ்சர் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த ஒன்றையாவது மனதில் வையுங்கள்.

சில பெடல்களில் தாமதித்த ஒலியைத் தலைகீழாக்கிச் சேர்க்கும் வசதி உண்டு. பேஸில் அந்தப் பக்கமே போகாதீர்கள். 1 மில்லி வினாடித் தாமதத்தில்கூட ஈ தந்தியின் அடி கால் பங்காகிவிடும்.

எனக்குக் கோபம் வந்தது இதனால் மட்டுமில்லை. பெடல் மற்ற எல்லாவற்றிலும் தங்கமாக இருந்தது. நான்கு வருடத்தில் ஒரு குமிழ் கரகரக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒத்திகையில் சாம்பார் கொட்டியது, துடைத்தோம், வேலை செய்தது. இப்படி உழைக்கிற பொருளைத் திட்டவும் வாய் வரவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

மாற்று வழியும் தேடினேன். ஒலியை இரண்டு பாதையாகப் பிரிக்கும் பாஸ் எல்எஸ்-2 பெடல் ஒன்று வாங்கி, நேர் ஒலி ஒரு பாதையிலும் ஃபிளாஞ்சர் மறு பாதையிலும் போக, முடிவில் கலந்தேன். அடி நின்றது. ஆனால் ஃபிளாஞ்சருக்குள்ளும் ஏற்கெனவே நேர் ஒலி இருக்கிறதே. இன்னொரு பங்கு சேர்த்ததும் குழி முழுதாக விழுவதில்லை, சுழற்சி நீர்த்துப்போகிறது. மோர் கேட்டால் நீர்மோர் வந்த கதை. தவிர ஒரு பெடலுக்காக இன்னொரு பெடல், இரண்டு கூடுதல் வயர். நண்பரின் பாஸ் பிஎஃப்-3 ஃபிளாஞ்சரை ஒரு வாரம் வைத்திருந்தேன். அதில் பேஸுக்கென்றே தனி இன்புட் உண்டு. அடி அசையவில்லை, குறை சொல்ல எதுவும் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. என் பெடல் மேலே போடும் அந்த அழுக்கான சுழலுக்குக் காது பழகிவிட்டது போல.

அழுக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டாம் வருடம், ஒரு மழை நாள், ஒத்திகைக்கு நான் மட்டும் வந்திருந்தேன். சும்மா, தாமதம் எவ்வளவு ஏறி இறங்க வேண்டும் என்று சொல்லும் ஆழக் குமிழைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன். சுழற்சி நின்றுவிட்டது. தாமதத்தை நாமே வைக்கும் மேனுவல் குமிழை மட்டும் கையால் மெல்லத் திருப்பினால், சீப்பு அசையாமல் ஓரிடத்தில் நிற்கிறது. தாமதம் மிகக் குறைந்த முனைக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் இடம் இருக்கிறது. அங்கே என் சாதாரண பேஸ் கிட்டார், கழுத்தில் ஃப்ரெட் கம்பிகள் இல்லாத பேஸ் போல, மூக்கால் முனகுகிற மாதிரி ஆகிவிட்டது. குழிகள் எல்லாம் மேலே, அடி அப்படியே. அன்று இரண்டு மணி நேரம் ஒரே ஏ தந்தியை வாசித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைப் பேனாவால் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். இன்றைக்கும் முக்கால்வாசிப் பாட்டுக்குப் பெடல் அந்தப் புள்ளியில்தான் நிற்கிறது. சுழல்வதற்காக வாங்கிய பொருளைச் சுழலவிடாமல் வைத்திருக்கிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: மேனுவல் குமிழ் இல்லாத ஃபிளாஞ்சரைத் தொடாதீர்கள். பெரிய ஸ்பீக்கரில், டிரம்ஸ் கூட இருக்கும்போது, மெதுவான வேகத்தில் ஒரு சுழற்சி முழுக்கக் கேளுங்கள். வேகமாக வைத்தால் ஓட்டை தெரியாது. அடாப்டரில் உங்கள் பெயரை எழுதி ஒட்டுங்கள்.

பெடல் இல்லாத அந்த மூன்று வாரத்தில் நான்கு நிகழ்ச்சி வாசித்தேன். டிரம்ஸ் அண்ணன் ரொம்ப சந்தோஷமாக இருந்தார். "இப்பதாண்டா பேஸ் கேக்குது" என்று இரண்டு முறை சொன்னார். எனக்கு மட்டும் நான்கு நாளும் வாசிப்பில் உப்பில்லை.

ஆக, பேஸுக்கு ஃபிளாஞ்சர் வாங்காதே என்றே அக்கா மகனிடம் சொல்லிவிட்டேன். முதலில் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் ஒரு நல்ல கம்ப்ரெஸர் பெடல் வாங்கு, மிச்சக் காசில் தந்தி மாற்று என்றேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். பெடலை மாட்டி, அந்த வெள்ளைப் புள்ளியில் வைத்து அரை மணி நேரம் வாசித்தான். பேசவே இல்லை. கிளம்பும்போது, "மாமா, நீங்கதான் நல்லா இல்லைன்னு சொல்றீங்களே, இதை எனக்கே குடுத்துடுங்களேன்" என்றான்.

டீ குடிச்சுட்டுக் கிளம்புடா என்றேன்.