வெப்சைட் போட ஆள் தேடும் நம்ம ஊர்க் கடைக்காரர்களுக்கு: என் 66,080 ரூபாய் போன கதை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் தொழில் செய்கிற யாராவது வெப்சைட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். ஆள் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும்.

எங்களுக்கு ஆத்தங்குடியில் தரையில் பதிக்கிற கல் (டைல்ஸ்) போடுகிற சின்னப் பட்டறை, ஆறு பேர் வேலை. கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் கலரை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல். சூளை கிடையாது, எல்லாம் கைவேலை. ஆர்டர் வந்த பிறகுதான் கல் போடுவோம். அதனால் எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: எந்த டிசைன், எத்தனை சதுரடி, எந்த ஊர் என்று ஆள் போன் பண்ண வேண்டும். இதை முதல் நாளே வெப்சைட் போட வந்த ஆளிடம் சொன்னேன். தலையை நன்றாக ஆட்டினார்.

ஐந்து பக்கம், 25,000 ரூபாய் என்று பேச்சு. அப்புறம் ஆரம்பித்தது. "அண்ணே, அஞ்சு பக்கம்லாம் இப்ப யாரும் மதிக்க மாட்டாங்க" என்று கூடுதல் பக்கத்துக்கு 2,000 வீதம் ஒன்பது பக்கம் ஏற்றினார். எங்கள் நோக்கம் ஒரு பக்கம், எங்கள் பார்வை ஒரு பக்கம், எங்கள் பயணம் ஒரு பக்கம். ஆறு பேர் பட்டறைக்கு நோக்கம் தனி, பார்வை தனி! முகப்பில் படங்கள் தானாக ஓடுவதற்கு 5,000. வருகிறவர்களோடு தானே பேசுகிற பெட்டிக்கு 8,000. ஆக 56,000. அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 10,080. பக்கக் கணக்கில் காசு வாங்குகிறவர் பக்கத்தைக் குறைக்கச் சொல்வாரா? அந்த யோசனை எனக்கு அப்போது வரவில்லை. லேப்டாப்பில் போட்டுக் காட்டியபோது பளபளவென்றுதான் இருந்தது.

நாலு மாதத்தில் வெப்சைட் பார்த்துப் போன் பண்ணியவர் ஒரே ஒருவர். அவரும் மேற்கூரைக்கு ஓடு என்ன விலை என்று கேட்டார். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன்.

மாசி மாதம் கோட்டையூரில் ஒரு பழைய வீட்டில் கல் பதிக்கிற வேலை. அந்த வீட்டு ஆச்சி வந்து, "தம்பி, எம் மக கோயம்புத்தூர்ல வீடு கட்டுறா, உங்க கல்லுப் படம் கேக்குறா. கார்டுல ஏதோ போட்டிருக்கீங்களே, எடுத்துக் குடுங்க" என்றார்கள். பெருமையாக அவர்கள் போனிலேயே திறந்தேன். வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சித்தாள் ஒரு சட்டி கலவை கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார், இன்னும் சுற்றியது. ஒரு வழியாகப் படம் வந்ததும் அதை மூடிக்கொண்டு 'சந்தா செய்யுங்கள்' என்று ஒரு பெட்டி. அதை மூடுகிற பெருக்கல் குறி கடுகளவு. ஆச்சி அதைத் தொடப் போக, விரல் எங்கோ பட்டு வேறு பக்கம் திறந்தது. மேலே 'வீடு' என்று ஒரு வார்த்தை இருந்தது. நாங்கள் கல் பதித்த வீடுகளின் படம் போலிருக்கிறது என்று ஆச்சி அதைத் தொட்டார்கள். மறுபடி வெள்ளைத் திரை, வட்டம், சந்தாப் பெட்டி. முதல் பக்கத்துக்குப் போகிற 'ஹோம்' என்ற ஆங்கிலத்தை மெஷினில் கொடுத்துத் தமிழாக்கியிருக்கிறார். 'முகப்பு' என்று போட்டிருந்தாலாவது நம் ஊருக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். அதே மெஷின்தான் 'டைல்ஸ்' என்பதைத் தமிழாக்கி, எங்கள் கல்லையெல்லாம் 'ஆத்தங்குடி ஓடுகள்' ஆக்கியிருந்தது. அந்த ராங் நம்பர்க்காரர் மேல் இப்போது எனக்கு வருத்தம் இல்லை.

கடைசியாகப் போன் நம்பரைத் தேடினோம். அது அடியில், வலது ஓரத்தில். அதன் மேலேயே 8,000 ரூபாய்ப் பெட்டி உட்கார்ந்துகொண்டு, 'நான் உங்களுக்கு எப்படி உதவ முடியும்?' என்று கேட்டது.

ஆச்சி போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "ஏந்தம்பி, நம்ம வீட்டு வாசல்ல நின்னா பின்கட்டு வரைக்கும் நேராத் தெரியும். இதுல உள்ள நுழையவே வழி தெரியலையே" என்றார்கள். வேலை செய்த ஆட்கள் முன்னால். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதுவரை சொன்னது திறமைக் குறைவு என்று விட்டுவிடலாம். இனிச் சொல்வது அப்படியில்லை.

அந்த ஆள் அவ்வப்போது போன் பண்ணி, "அண்ணே, பெங்களூர்ல இருந்து ஒரு பார்ட்டி கேக்குறாங்க, நம்பர் தரவா? ஒரு என்கொயரிக்கு 300" என்பார். விளம்பரம் பண்ணித் தேடிப் பிடிக்கிறார் என்று நம்பி நானும் கொடுத்தேன். அப்படி வந்த ஓர் ஆர்க்கிடெக்ட் ஒருநாள் பேச்சுவாக்கில், "உங்க வெப்சைட்லயே ஃபார்ம் நிரப்பித்தானே கேட்டேன்" என்றார். என் வெப்சைட்டில் நிரப்புகிற ஃபார்ம் அந்த ஆளின் மெயிலுக்குப் போயிருக்கிறது. என் வாசலுக்கு வந்தவரை எனக்கே விற்றிருக்கிறார். அந்த ஃபார்மும் லேசில்லை: பதினொரு கட்டம், பட்ஜெட் வரை கேட்டுவிட்டு, முடிவில் டிராபிக் லைட் இருக்கிற படங்களையெல்லாம் தொடச் சொல்லும். அதையும் தாண்டி வந்தவர்களுக்குக் கும்பிடு போட வேண்டும். அதே ஆர்க்கிடெக்ட்தான் ஓடுகிற படங்களில் இருந்த கல்லெல்லாம் மொராக்கோ கல் என்றும் சொன்னார். அங்கேயும் சிமெண்டில் பூக்கல் போடுகிறார்கள், வெப்சைட் போட்டவர் எங்கிருந்தோ அந்தப் படத்தை இறக்கி ஒட்டிவிட்டார்.

ஃபார்மை என் மெயிலுக்கு மாற்றச் சொன்னதும் அவர் பேச்சு மாறியது. வருடம் முடியப் போகிறது, புதுப்பிக்க 18,000 என்றார். அப்போதுதான் தெரிந்தது, டொமைனை, அதாவது வெப்சைட் முகவரியை, அவர் பெயரில், அவர் மெயிலில் வாங்கியிருக்கிறார். கூகுள் மேப்பில் எங்கள் பட்டறையையும் அவர் மெயிலில்தான் ஏற்றியிருந்தார். காசில்லாமல் நாமே செய்துகொள்கிற அந்த வேலைக்குத் தனியாக 6,000 வாங்கியிருந்தார். பில்லை எடுத்துப் பார்த்தேன். ஜிஎஸ்டி எண் 15 இலக்கம் இருக்க வேண்டும், தமிழ்நாட்டு எண் என்றால் 33-ல் தொடங்கும். அவர் எண்ணை விரல் வைத்து எண்ணினால் 14. ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே யாரும் சரிபார்க்கலாம். நான்தான் பார்க்கவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்தேன். தொழிலுக்காக வாங்கியதற்கு அங்கே புகார் செல்லாது என்று சிலர் பயமுறுத்தினார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் வாங்குகிற பொருளுக்கு விலக்கு இருக்கிறது; வெப்சைட் வேலைக்கும் அது பொருந்துமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். கூகுள் மேப்பில் உரிமை கேட்டு விண்ணப்பிக்கிற வழி கூகுளிலேயே இருந்தது, அது கைக்கு வந்துவிட்டது. டொமைன் வரவில்லை. தலை முழுகிவிட்டு, என் பெயரிலும் என் நம்பரிலும் புது முகவரி வாங்கினேன். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள்தான்.

புது வெப்சைட்டைப் போட்டது காலேஜில் படிக்கிற அக்கா மகள். அவள் கேட்டது ஒரே கேள்வி: "மாமா, பாக்குறவங்க கடைசியா என்ன செய்யணும்?" வாட்ஸப்பில் சதுரடி அனுப்ப வேண்டும் என்றேன். ஒவ்வொன்றையும் காட்டி, "அதுக்கு இது உதவுதா?" என்றாள். நோக்கம் போனது, பார்வை போனது, ஓடுகிற படம் போனது, பேசுகிற பெட்டி போனது. பட்டறையின் வரலாற்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை, அது இரண்டு வரியாக அடியில் இருக்கிறது. மிச்சம் ஒரே பக்கம். எங்கள் பட்டறையில் போனில் எடுத்த ஆறு படம், அளவைச் சுருக்கிப் போட்டது. சதுரடி விலை எதிலிருந்து ஆரம்பம், கல் போட எத்தனை நாள் ஆகும், லாரி வாடகை யார் பொறுப்பு. எவ்வளவு தள்ளினாலும் கீழே நகராமல் நிற்கிற பச்சைப் பட்டன் ஒன்று. அதைத் தொட்டால் வாட்ஸப் திறந்து, 'எந்த டிசைன்? எத்தனை சதுரடி? எந்த ஊர்?' என்று எழுதியே வைத்திருக்கும். நிரப்பி அனுப்ப வேண்டியதுதான். வார்த்தையெல்லாம் நாங்கள் பேசுகிற வார்த்தை, கல் என்றால் கல்.

முதல் வாரமே ஏழு பேர் கேட்டார்கள், இரண்டு ஆர்டர் ஆனது. அதில் ஒன்று கோயம்புத்தூர், ஆச்சி மகள் வீடு.

பழைய முகவரி போட்டு அடித்த விசிட்டிங் கார்டு இன்னும் ஆயிரத்துக்கு மேல் கிடக்கிறது. சாயங்காலம் வேலை முடிந்ததும் உட்கார்ந்து ஒவ்வொன்றின் மேலும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.