நெட்டி மாலை கட்டும் வீட்டில் ஒரு பகலும் ஓர் இரவும்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் சாலையை விட்டுப் பிரிந்து, வயல்களுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் போனால் ஒரு சிற்றூர் வருகிறது. அங்கே நெட்டி மாலை கட்டும் பெண்கள் பதினான்கு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, வெளியூர் விருந்தினர்களுக்குத் தங்கள் தொழிலைக் கற்றுக்கொடுத்து, மதிய உணவு அளித்து, விரும்புவோரை இரவு தங்கவும் வைக்கிறார்கள். மாசி மாதத்து வார இறுதி ஒன்றில் என் தாயாரையும் எட்டாம் வகுப்பு படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு சென்று வந்தேன். ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்கு மேல் ஏற்பதில்லை என்பதால் ஊர்ப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பொதுவில் எழுத வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். போக விரும்புவோர் எனக்கு எழுதினால், அவர்களிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன்.

நெட்டி என்பது ஏரிகளிலும் குளங்களிலும் நீருக்குள் வளரும் செடி. அதன் தண்டை அறுத்துக் காயவைத்து, மேல்தோலைச் சீவி எடுத்தால் உள்ளே பால் போல் வெண்மையான தக்கை கிடைக்கிறது. இதைக் கொண்டு பெரிய கோயில் முதலிய உருவங்களைச் செதுக்கும் தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பெண்கள் செய்வது அதே தக்கையைத் துண்டுகளாக நறுக்கி, சாயம் ஏற்றி, நாரில் கோத்து, மாட்டுப் பொங்கலன்று மாடுகளின் கழுத்தில் கட்டும் மாலை. இப்போது டிராக்டர்களுக்கும் அதே மாலை ஏறுகிறது. சந்தையில் அதன் பக்கத்திலேயே பிளாஸ்டிக் மாலையும் தொங்குவதால், பொங்கல் ஒன்றை மட்டும் நம்பி ஆண்டு முழுவதையும் ஓட்ட முடியாத நிலையில்தான் விருந்தினரை வரவழைக்கும் எண்ணம் இவர்களுக்கு வந்திருக்கிறது.

காலை ஒன்பது மணிக்குத் திண்ணையில் பாய் விரித்து எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு தண்டும் கத்தியும் கொடுத்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எங்களுக்கு ஆசிரியராக அமர்ந்தார். கத்தியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு தண்டை மட்டும் மெதுவாக உருட்ட, பழுப்புத் தோல் ஒரே நாடாவாகச் சுருண்டு அவர் மடியில் விழுந்தது. என் கையில் அதே தண்டு மூன்றாவது சீவலிலேயே பள்ளம் விழுந்து உடைந்தது. "கத்திய அழுத்தாதீங்கக்கா, நெட்டி தானா வழிவிடும்" என்று சொல்லி, என் கட்டை விரலை நகர்த்தி வைத்துக் காட்டினார். பிறகு நறுக்குவது, சாயத்தில் தோய்ப்பது, உலர்ந்த துண்டுகளைக் கோப்பது என மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. என் மகள் ஒரு மாலையை முழுதாக முடித்தாள். எடுத்துப் பார்த்தால் கையில் எடையே தெரியவில்லை. எழுபது வயதான என் தாயார், சிறுவயதில் தம் வீட்டுக் காளைகளுக்கு இதே மாலையைக் கட்டியதைச் சொல்லத் தொடங்க, ஆசிரியரும் அவரும் மாடுகளைப் பற்றியே நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்த நிதானத்தின் அருமை எனக்கு நன்றாகத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரின் வண்டியில் டெல்டாவின் வேறொரு கைவினைக் கிராமத்துக்குப் போயிருந்தேன். தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் அவசரத்தில், அந்தக் கிராமத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம். வேலை செய்துகொண்டிருந்தவர்களைப் படம் எடுத்துக்கொண்டு, வழிகாட்டி கைகாட்டிய ஒரே கடையில் பொருள் வாங்கிக்கொண்டு திரும்பினோம். செய்தவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கவும் நேரமில்லை. உலகப் பாரம்பரியச் சின்னங்களைக் காண வரும் கூட்டம் டெல்டாவின் ஊர்களை இப்படித்தான் சன்னல் வழியாகக் கடந்து போகிறது.

மதிய உணவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. விரால் மீன் குழம்பு, கீரை மசியல், வாழைக்காய் வறுவல், மோர் என்று அவர்கள் வீட்டில் சமைப்பதையே போட்டார்கள். மீன் சாப்பிடாத என் தாயாருக்குத் தனியே சுரைக்காய்க் கூட்டு வைத்திருந்தார்கள்.

நான் நீண்ட நேரம் நின்று பார்த்தது கூடத்துச் சுவரில் இருந்த கரும்பலகையை. விருந்தினர் ஒருவர் தரும் 850 ரூபாய் எப்படிப் பிரிகிறது என்று சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறார்கள்: சமையலுக்கு 350, வீட்டுக்காரருக்கு 200, தண்ணீருக்கும் துப்புரவுக்கும் 100, குழுச் சேமிப்புக்கு 200. இரவு தங்க ஆளுக்கு 500 ரூபாய் தனி. பணம் குழுவின் வங்கிக் கணக்குக்கே போகிறது, ரசீதும் தருகிறார்கள். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டுப் பெண்களிடம் வளர்த்துவிட்ட கணக்கு வழக்கு இது. நகரத்து விடுதி எதிலும் இவ்வளவு வெளிப்படையான கணக்கை நான் கண்டதில்லை.

ஆனால் அந்தப் பலகையில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவருக்கு ஒரு வரி இல்லை. விருந்தினர்கள் வாங்கும் மாலைகளில் வரும் லாபம்தான் அவருக்கு என்றார்கள். எங்களுக்கு முன் வந்த ஒரு குழு மூன்று மணி நேரமும் கற்றுக்கொண்டு, மாலையின் விலையில் பேரம் பேசி, கடைசியில் எதையும் வாங்காமலே போய்விட்டதாம். அந்த மூன்று மணி நேரத்தில் அவர் தமக்காக ஒரு மாலைகூடக் கட்டியிருக்க முடியாது. ஏன் தனிக் கட்டணம் வைக்கவில்லை என்று கேட்டேன். "கத்துக்குடுக்கவா காசு வாங்குறதுன்னு கூச்சமா இருக்குக்கா" என்றார்.

இந்தக் கூச்சத்தை அவர்கள் விட்டுவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருபவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பதில் நமக்குத் தயக்கம் இல்லை. தோல் ஒரே நாடாவாக உரியும்படி கத்தி பிடிக்கக் கற்றுத்தருபவருக்கும் அப்படியே தர வேண்டும். சாப்பாடும் படுக்கையும் கும்பகோணத்தில் எங்கும் கிடைக்கும். நாங்கள் அவ்வளவு தூரம் போனது அந்தத் திண்ணைக்காகத்தான். கட்டணத்தை ஆளுக்கு 1,100 ரூபாய் ஆக்கி, கூடும் 250 ரூபாயைக் கற்றுக்கொடுப்பவர் பெயரில் பலகையில் எழுதினாலும் எனக்கு அது மலிவுதான். இதைக் குழுத் தலைவியிடமும் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

குறைகளும் உண்டு. கழிப்பறை கொல்லைப்புறத்தில் தள்ளி இருக்கிறது. வழியில் விளக்கு இல்லாததால் இரவில் என் தாயாரைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. மேற்கத்திய வகை இருக்கையும் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் பகலோடு திரும்புவது நல்லது. கூடத்தில் கோரைப்பாயில் படுக்கை. மின்விசிறி உண்டு, கொசுவலையும் தருகிறார்கள். சாலை பிரியும் இடத்தில் பெயர்ப்பலகை எதுவும் இல்லாததால், நாங்கள் ஒரு முறை தவறிப் போய்த் திரும்பினோம்.

மார்கழி பிறந்துவிட்டால் பொங்கல் வேலை இரவு பகலாக நடப்பதால் அந்த மாதத்தில் விருந்தினரை ஏற்பதில்லை. மாசி, பங்குனியில் போனால் உட்கார்ந்து கற்றுத்தர அவர்களுக்கு நேரம் இருக்கிறது. வாசல் நிலைக்குக் கட்டும் மாலை ஒன்று 120 ரூபாய் வீதம் நான்கு வாங்கினேன். நெட்டி அழுத்தினால் நொறுங்கும், ஈரம் பட்டால் சாயம் இறங்கும் என்பதால், காலியான அட்டைப்பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.