ஹொக்கி கனடாவின் ட்ரில் ஹப்: யூ11 அணியைப் பயிற்றுவிக்கும் பெற்றோருக்கு ஒரு மதிப்புரை

ஒன்ராறியோவில் சிறுவர் ஐஸ் ஹொக்கி அணிகளைப் பயிற்றுவிப்போரில் பெரும்பாலானவர்கள் சம்பளம் பெறாத பெற்றோர்கள். பிள்ளைக்கு ஸ்கேற் கட்டிவிட அரீனாவுக்கு வந்து, ஆள் போதாமையால் உதவிப் பயிற்றுநராகிவிட்ட என்னைப் போன்றவர்களும் அவர்களில் அடக்கம். சிறுவயதில் கிரிக்கெற் மட்டையைத் தவிர வேறொன்றையும் பிடித்திராத ஒருவர், அடுத்த பயிற்சியில் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று தேடும்போது முதலில் போய்ச் சேரக்கூடிய இடம், ஹொக்கி கனடா அமைப்பு இலவசமாக நடத்தும் ட்ரில் ஹப் என்ற இணையத்தளமாகும். பதினொரு வயதுக்குட்பட்டோருக்கான யூ11 அணி ஒன்றுக்கு இது எவ்வளவு பயன்படும் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

இத்தளத்தில் பயிற்சிகள் வயதுப் பிரிவு வாரியாகவும், ஸ்கேற்றிங், பக் எனப்படும் ரப்பர் வட்டைக் கொண்டுசெல்லுதல், பாஸ், ஷொட் எனத் திறன் வாரியாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. பயிற்சிக்குரிய வரைபடமும் செய்முறையும் கவனிக்க வேண்டிய நுணுக்கங்களும் தரப்படுகின்றன. பலவற்றுக்குக் காணொளியும் உண்டு. பிடித்தவற்றைத் தெரிந்து, வரிசைப்படுத்தி, ஒரு நாளுக்குரிய பயிற்சித் திட்டமாகச் சேமித்துக்கொள்ளலாம். வரைபடக் குறியீடுகள் புதியவரை முதலில் சற்று மிரட்டும். ஆனால் நேர்கோடு பக் இல்லாத ஓட்டம், நெளிகோடு பக்கோடு செல்லும் ஓட்டம், விட்டுவிட்டு வரும் கோடு பாஸ் என்பது பிடிபட்டுவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கிவிடும். தளம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டுமே இயங்குகிறது என்பதால், அணியின் தாத்தா பாட்டிமாருக்குக் காட்டி விளக்க நினைப்பவர்கள் மொழிபெயர்ப்பாளர் வேலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

யூ11 பிரிவை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. யூ9 வரை பிள்ளைகள் பெரும்பாலும் அரை மைதானத்தில் விளையாடுகிறார்கள். யூ11-இல்தான் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட முழு மைதானம், பக்குக்கு முன்னதாக எதிரணிப் பகுதிக்குள் நுழையக்கூடாது என்ற ஓஃப்சைட் விதி, ஒவ்வொரு வீரருக்கும் உரிய நிலையான இடங்கள் எல்லாம் ஒன்றாக வந்து சேர்கின்றன. வேகமாகச் சறுக்கத் தெரிந்த பிள்ளைகூட இங்கே திகைத்து நிற்கும். எதிரணி பக்கை நமது கோலுக்குப் பின்னால் தள்ளிவிட்டால் ஐந்து பேரும் அதை ஈப்போல் மொய்ப்பார்கள். யாராவது ஒருவர் பக்கை வெளியே எடுத்தாலும் அதை வாங்க எவரும் இருக்கமாட்டார்கள். ஓர் அணியின் ஆட்டம் முன்னேறியிருக்கிறதா என்பதை அறிய, கோல் எண்ணிக்கையைவிடத் தன் பகுதியிலிருந்து பக்கை ஒழுங்காக வெளியே கொண்டுவருகிறதா என்று பார்ப்பதே மேல் என்பது என் கருத்து.

பிரேக்அவுட் எனப்படும் இந்த வெளியேற்றத்துக்கு இத்தளத்தில் நல்ல பயிற்சிகள் இருக்கின்றன. தற்காப்பு வீரர் பக்கை எடுக்கப் போகும்போதே தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து எதிராளி எங்கே வருகிறார் என்று அறிவது, ஓரத்தில் ஆடும் முன்கள வீரரான விங்கர், மைதானத்தைச் சுற்றியுள்ள பலகையோரமாகத் தன் இடத்தில் பொறுமையாக நிற்பது, நடுவில் ஆடும் சென்ரர் தன் கோல் பக்கமாகத் தாழ்வாக வந்து இரண்டாவது வழியாக அமைவது ஆகிய மூன்றையும் தனித்தனியே பழக்கிப் பின்னர் இணைக்கலாம். ஆனால் எதிராளி இல்லாமல் செய்யும்போது எந்தப் பிரேக்அவுட்டும் அழகாகவே இருக்கும். முதலில் வெறுமையாகவும், பிறகு மெதுவாக வரும் ஒரு எதிராளியோடும், அதன் பின் உண்மையான வேகத்தில் வரும் இருவரோடும் செய்யவைத்தால்தான் அது ஆட்டத்தில் நிற்கும். அந்தப் படிநிலையை எப்போது கூட்டுவது என்பதைத் தளம் தீர்மானித்துத் தராது. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பயிற்றுநர்தான் தீர்மானிக்க வேண்டும்.

என் பெரிய குறையும் இதையொட்டியதே. பயிற்சிகளின் பெருக்கம் புதியவரை ஏமாற்றக்கூடியது. காணொளியில் மின்னுகிற ஒரு பயிற்சியைப் பதினைந்து பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்திச் செய்தால், ஒருவருக்கு 20 விநாடி என்று கொண்டாலும் ஒரு சுற்று முடிய ஐந்து நிமிடமாகும். பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது இரண்டு முறைதான். அதே பிள்ளைகளை மைதானத்தின் மூன்று பகுதிகளில் ஐந்து ஐந்து பேராகப் பிரித்தால் ஆறு முறை கிடைக்கும். ரொறன்ரோ அரீனாக்களில் வழக்கமாக 50 நிமிட ஐஸ்தான் கிடைக்கிறது. அதற்குக் கொடுக்கும் வாடகையை நினைத்தால் வரிசையில் நிற்கும் நேரம் மனதை உறுத்தும். எனவே எந்தப் பயிற்சியைத் தெரிந்தாலும், எத்தனை பிள்ளைகள் ஒரே நேரத்தில் அசைகிறார்கள் என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

அந்தக் கேள்விக்கு மிகச் சிறப்பாக விடைதருபவை சிறிய பரப்பில் இருவருக்கு இருவர், மூவருக்கு மூவர் என ஆடும் விளையாட்டுகள். இடம் குறுகும்போது முடிவெடுக்கும் நேரமும் குறுகுகிறது. பக் அடிக்கடி கைக்கு வருகிறது. தலையை நிமிர்த்திப் பார்க்காத பிள்ளை உடனே பக்கை இழக்கிறது. விசில் ஊதி விளக்கவுரை ஆற்றவேண்டிய தேவையே இல்லை. தளத்தின் மிகப் பயனுள்ள பகுதி இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். ஒவ்வொரு பயிற்சியிலும் கடைசி 15 நிமிடத்தையாவது இதற்கு ஒதுக்குவது நல்லது.

உடலால் மோதித் தடுப்பது யூ13 வரை அனுமதிக்கப்படாததால், யூ11 பயிற்றுநர் பார்க்க வேண்டியவை எதிராளியைப் பலகைப் பக்கமாக ஒதுக்கிச் செல்லும் கோணமும் ஸ்டிக்கால் பக்கைப் பறிப்பதும் மட்டுமே. மேலும், பயிற்றுநருக்கான சான்றிதழ் வகுப்பு, பொலிஸ் பின்னணிச் சான்று போன்றவற்றுக்கு இத்தளம் மாற்றாகாது.

கோல் காப்பாளர்களுக்கான பயிற்சிகளும் இங்கே உண்டு. பல அணிகளில் அவர்கள் மற்றவர்களின் ஷொட்டுக்கு இலக்காக மட்டுமே பயன்படுகிறார்கள். ஓர் உதவிப் பயிற்றுநரை முதல் பத்து நிமிடத்துக்கு அவர்களோடு மட்டும் நிறுத்தி, வலையின் ஒரு தூணிலிருந்து மறு தூணுக்கு நகர்வது, ஷொட்டுக்கு முன்னரே அசையாமல் நிற்பது ஆகிய இரண்டையும் இத்தளத்திலிருந்து எடுத்துப் பழக்கலாம். இதற்கென்று தனியார் பயிற்சிக்குப் பணம் கட்ட யூ11-இல் அவசியமில்லை.