விலங்குக்கு விடியற்காலை, மனிதருக்கு உச்சிவெயிலா? கென்யா, தான்சானியா சஃபாரி அனுபவம்

கென்யா, தான்சானியா சஃபாரிக்கென்று முகவர்கள் அனுப்பும் நாள்வாரித் திட்டங்களைப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு கேம் டிரைவ், அதாவது வாகனத்தில் விலங்கு பார்க்கும் சவாரி; மாலை நான்கு மணிக்கு மறுபடியும் கேம் டிரைவ். நடுப்பகலில் மட்டும் 'மாசாய் கிராமம், விருப்பமிருந்தால்' என்று ஒரு வரி இருக்கும். சிங்கம் நிழலில் படுத்துத் தூங்கும் நேரமாகப் பார்த்து மனிதர்களுக்கு ஒதுக்கியிருப்பார்கள்.

வேலை நிமித்தம் நைரோபியில் குடியிருப்பவன் நான். ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் பல பருவங்களாகப் பயணம் ஏற்பாடு செய்து கொடுக்கிறேன். பெரும்பாலும் கூடவே போய்வருகிறேன். விலங்குகளையும் மக்களையும் ஒரே பயணத்தில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: நல்ல விடியற்காலை ஒன்றையாவது மக்களுக்குக் கொடுங்கள். சிறுத்தை ஒன்றைத் தவறவிட்டாலும் பரவாயில்லை.

காரணம் எளிது. மாசாய் மக்கள் கால்நடை மேய்ப்பவர்கள்; அவர்கள் குடியிருப்பில் வாழ்க்கை என்பது மாட்டைச் சுற்றியே நடக்கிறது. பொழுது புலரும் வேளையில் பெண்கள் சுரைக்குடுவையில் பால் கறக்கிறார்கள், கன்றுகளைப் பிரிக்கிறார்கள், முள்வேலியைத் திறந்து மந்தையை வெளியே விடுகிறார்கள், எந்தப் பக்கம் புல் இருக்கிறது, இரவில் எங்கே கழுதைப்புலி கத்தியது என்று பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் மந்தை போய்விடும், மேய்ப்பவர்களும் போய்விடுவார்கள். நண்பகலில் போய் நிற்கும் பயணிக்கு மிஞ்சுவது மூன்று: எம்பிக் குதிக்கும் அடுமு ஆட்டம், கட்டையைக் கடைந்து தீ மூட்டிக் காட்டுவது, வட்டமாக விரித்து வைத்த பாசிமணிக் கடை. மூன்றையும் பார்த்து முடித்து வாகனத்தில் ஏறியவர்கள் 'எல்லாம் வேஷம்' என்று முகம் சுளிப்பதைக் கேட்டிருக்கிறேன். சந்தை நேரத்தில் போய்விட்டு, வீடு பார்க்கவில்லை என்று குறைப்பட்டால் எப்படி?

பணம் எங்கே போகிறது என்பது இதைவிடச் சிக்கல். கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்து வாயில்களுக்கு அருகிலுள்ள குடியிருப்புகளில் ஆளுக்கு இத்தனை டாலர் என்று வாங்குவார்கள். ஒருமுறை எங்கள் ஓட்டுநர் அந்தத் தொகையைத் தன் கையில் கொடுக்கச் சொன்னார். உள்ளே பேச்சு வளர்ந்தபோது, அதில் ஒரு பகுதிதான் அந்தப் பெண்களுக்குப் போய்ச் சேர்கிறது என்று தெரியவந்தது. அதற்குப் பிறகு நான் பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்: கட்டணத்தை யாரிடம் கட்டுகிறோம், ரசீது உண்டா, அழைத்துப்போகிறவர் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவரா? சுற்றி வளைத்துப் பதில் சொல்லும் முகவரை விட்டுவிடுவேன்.

மாசாய் மாராவில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது காப்பகத்தின் மையப்பகுதியல்ல. அதன் வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள கன்சர்வன்சிகள். நபோய்ஷோ, ஓலாரே மொடோரோகி, மாரா நார்த் போன்றவை. மாசாய் குடும்பங்கள் தங்கள் பெயரிலுள்ள நிலத்தை ஒன்றுசேர்த்து சுற்றுலா முகாம்களுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். நிலத்துக்காரருக்கு வாடகை போகிறது. முறைவைத்து மாடும் மேய்கிறது, சிங்கமும் உலவுகிறது. வாகன எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு உண்டு. காப்பகத்துக்குள் அனுமதிக்கப்படாத இரவுச் சவாரியும், மாசாய் வழிகாட்டியோடு காலைநடையும் இங்கே உண்டு. அந்த நடையில் யானைச் சாணத்தைக் கிளறி அது எந்நேரத்தது என்று சொல்பவரே, தன் வீட்டு மாடு எந்தப் புதருக்குப் பின்னால் போயிருக்கும் என்றும் சொல்கிறார். விலங்கு ஒரு பக்கம், பண்பாடு ஒரு பக்கம் என்று பிரித்து அட்டவணை போட வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. விலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் விலங்குகள் ஆறு கடப்பதைப் பார்க்க ஆற்றங்கரையில் வாகனங்கள் வரிசைகட்டி நிற்கும் ஆகஸ்டு மாதத்தில் அந்தக் கூடுதல் பணம் எனக்கு உறுத்தியதில்லை.

மாரா காப்பகக் கட்டணமும் ஏறிவிட்டது. 2024 முதல் வெளிநாட்டவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். டிக்கெட் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைதான் செல்லும். கிளம்பும் நாளில் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் இன்னொரு நாள் கட்டணம் விழும். ஆகவே வாயிலுக்கு வெளியே தங்கி, கடைசி நாள் விடியலைக் குடியிருப்பில் கழித்துவிட்டு நைரோபிக்குத் திரும்புவது என் வழக்கம். பணமும் மிச்சம், பால் கறப்பதையும் பார்த்தாயிற்று.

விலங்கு, மக்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரே ஒரு நாடுதான் என்றால் தான்சானியாவின் வடபகுதியைச் சொல்வேன். அருஷா நகரில் தொடங்கி டராங்கிரே தேசியப் பூங்கா, பிறகு கராட்டு ஊர் வழியாக ஏயாசி ஏரி, அங்கிருந்து செரெங்கெட்டி தேசியப் பூங்கா, திரும்பும் வழியில் இங்கோரோங்கோரோ. பலரும் ஏயாசியை வெட்டிவிட்டு செரெங்கெட்டியில் இன்னொரு இரவைச் சேர்க்கிறார்கள். நான் அதற்கு எதிர்க்கட்சி. ஏயாசி தேசியப் பூங்கா அல்ல, அதனால் அந்த நாட்களுக்குப் பூங்காக் கட்டணம் கிடையாது. கராட்டுவிலிருந்து இறங்கும் மண்பாதை முதுகைப் பதம்பார்க்கும், அவ்வளவுதான்.

அந்த ஏரியைச் சுற்றி வாழும் ஹட்சா மக்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். அவர்களில் ஒரு பகுதியினர் இன்றும் வேட்டையிலும் காட்டுணவிலுமே பெரிதும் வாழ்கிறார்கள். நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் நிறைந்த அவர்களுடைய மொழி அக்கம்பக்கத்து மொழி எதற்கும் உறவில்லாதது. இருட்டு விலகும்போதே வில்லோடும் நாய்களோடும் ஆண்கள் கிளம்பிவிடுவார்கள்; நாமும் பின்னால் ஓட வேண்டும். உண்மையிலேயே ஓட்டம்தான், முள் கிழிக்கும். பல நாட்களில் ஒன்றும் கிடைக்காது, கிடைத்தால் சிறு பறவை ஒன்று. சைவக்காரரான என் பெரியம்மா 'இதை நான் பார்க்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டார். அவரைப் பெண்களோடு அனுப்பினோம். கூர்சீவிய குச்சியால் கிழங்கு தோண்டி, அங்கேயே தீயில் வாட்டி, நாரை மென்று துப்பி, பாவோபாப் பழத்தின் மாவைச் சுவைத்துவிட்டு வந்தார். வேட்டைக்குப் போன எங்களைவிட அவருக்கே அந்தக் காலை நிறைவாக அமைந்தது.

அதே நாளில் அக்கம்பக்கத்தில் வாழும் டடோகா இனத்துக் கொல்லர்களையும் பார்க்க வேண்டும். பழைய ஆணியையும் பித்தளைப் பூட்டையும் உருக்கியும் அடித்தும் அம்புமுனையும் வளையலும் செய்கிறார்கள். ஹட்சாக்கள் தேனைக் கொடுத்து அம்புமுனை வாங்குகிறார்கள். காலையில் கண்ட அம்பு பிறந்த உலையை முற்பகலில் பார்ப்பது போன்ற வரிசை எந்த அருங்காட்சியகத்திலும் வாய்க்காது. உறுத்தலும் உண்டு. தினமும் வாகனங்கள் வந்து நிற்கும் குடில்களில் சுற்றுலாப் பணம் மதுவாக மாறுவது ஆய்வாளர்களும் எழுதியிருக்கும் விஷயம். கையில் பணம் கொடுக்காமல், ஏரிப்பக்கத்து ஊரான மங்கோலாவில் உள்ளூர் வழிகாட்டிகள் மூலம் முறையாகக் கட்டணம் செலுத்துங்கள். முகாமுக்கு மிக அருகில் உள்ள குடில்களைத் தவிர்த்துத் தள்ளியிருப்பவற்றைக் கேளுங்கள்.

இங்கோரோங்கோரோ எரிமலைக் குழி அரைநாளுக்கே போதும். தரை சுமார் 260 சதுர கிலோமீட்டர். கருப்புக் காண்டாமிருகத்தைப் பார்க்க நல்ல வாய்ப்பு. ஆனால் வாகனத்துக்கு 295 டாலர் இறங்குகட்டணம். விளிம்பில் அதிகாலைக் குளிர் கடுமையாக இருக்கும், கம்பளிச்சட்டை கட்டாயம். இங்கே யாரும் விளக்கிச் சொல்லாத ஒரு கதை இருக்கிறது. 1959இல் செரெங்கெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்ட மாசாய் மக்கள், இந்தப் பகுதியில் கால்நடையோடு வாழலாம் என்ற உறுதியின்பேரில் இங்கே வந்தவர்கள். 2022 முதல் அவர்களை இங்கிருந்தும் தொலைவிலுள்ள ம்சொமேராவுக்குக் குடிபெயர்க்கும் திட்டம் நடக்கிறது. விருப்பத்தின்பேரில் என்கிறது அரசு. வற்புறுத்தல் என்கிறார்கள் மாசாய் தலைவர்கள் பலர். சாலையோரக் குடியிருப்புக்குள் நுழைந்து ஆட்டம் பார்க்கும் முன் இதை அறிந்திருப்பது நல்லது. அதைப்பற்றி வழிகாட்டியைப் பொதுஇடத்தில் துளைக்காமல் இருப்பதும் நல்லது, அவர் தன் தொழில் உரிமத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

வழியில் ஓல்டுவாய் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 36 லட்சம் ஆண்டு பழைய லேட்டோலி காலடித்தடங்களின், அதாவது மனித மூதாதையர் நடந்த தடங்களின், அச்சு அங்கே இருக்கிறது. ம்டோ வா ம்புவும் எனக்குப் பிடித்த ஊர். பல இனத்தவர் கலந்து வாழும் ஊர். நெல்வயல், வாழைத்தோப்பு, வீட்டுச் சாப்பாடு. ஒரு வாரம் முகாம் உணவில் சலித்தவர்களுக்குச் சோறும் கீரையும் வாழைக்காயும் கண்டதும் உயிர் வந்துவிடும்.

இரு நாடுகளையும் இணைக்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாராவும் செரெங்கெட்டியும் ஒட்டியே இருந்தாலும் நடுவே பயணிகள் கடக்க வாயில் இல்லை. இசெபேனியா வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். எல்லையில் வாகனமும் ஓட்டுநரும் மாறுவார்கள். ஒரு முழுநாள் போய்விடும். பத்து நாளுக்குக் குறைந்த பயணமென்றால் ஒரு நாட்டோடு நிறுத்துங்கள்.

எந்த மாதம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான்வகைக் கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா நதி. எனக்குப் பிப்ரவரிதான் மேல்: தெற்கு செரெங்கெட்டியிலும் நுடூட்டுவிலும் கன்று ஈனும் காலம், புல்வெளியெங்கும் நடுங்கும் கால்கள், பின்னாலேயே வேட்டை விலங்குகள். ஏப்ரல், மே மாதங்களில் விலை குறையும். ஆனால் மாராவின் மண் நம்மூர்க் கரிசல் போன்றது. மழை பெய்தால் லேண்ட் குரூசரையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வழிகாட்டி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கென்யாவில் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தேர்வு வைத்துத் தரம் தருகிறது, வெள்ளித்தரமாவது கேளுங்கள். முகாம் சற்று எளிமையானால் பாதகமில்லை, வழிகாட்டி மந்தமானால் பயணமே போயிற்று. கருநீலமும் கருப்பும் உடுத்தாதீர்கள், அந்த நிறங்களுக்கு டராங்கிரேயில் செட்சி என்னும் கடிக்கும் ஈக்கள் மொய்க்கும். இரு நாடுகளிலும் பிளாஸ்டிக் பைக்குத் தடை. சிறு விமானத்தில் போவதானால் பெரும்பாலும் பதினைந்து கிலோதான், அதுவும் மெத்தென்ற பையில்.

இந்தியாவிலிருந்து கென்யாவுக்கு வருகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். தடுப்பூசிச் சான்றான அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும்போது விமானநிலையத்தில் கேட்பார்கள், இல்லாவிட்டால் தனிமைப்படுத்தலுக்கு அனுப்பிவிடுவார்கள்.